அட்டையைக் கேட்டுச் சொல்கிறேன்

மார்ச் 2

இவளே,

இந்த எழுத்து என்னுடையது இல்லை என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும். நான் கைநாட்டு; அந்த நாட்டும் இப்போது சரியாக விழுவதில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். நான் சொல்லச் சொல்லக் கீழ்த்தளத்தில் சலவைக்கடை வைத்திருப்பவர் எழுதுகிறார். கட்டடத்தில் எல்லோரும் அவரை நுரை என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. அவர் முன்னால் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. சொன்ன வரைக்கும் வாங்கிக்கொள்.

போனில் இனி நான் பேசுவதாக இல்லை. பெரியவன் அதை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்துவிட்டு, "ம், பேசுங்கப்பா" என்கிறான். மருமகள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்கிறாள். அந்தப் பக்கம் உன் மகள். ஊர்க்கூட்டத்தில் நின்று பேசுவதுபோல் இருக்கிறது. கடைசியாகப் பேசியது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. நான், "கீழ ஒரு ரூம் இருக்கு, என்ன சொல்ற?" என்றேன். நீ இருமினாய். பிறகு, "அட்டையைக் கேட்டுச் சொல்றேன்" என்றாய். நான், "நீ எனக்குப் பெண்டாட்டியா, அந்தப் போனுக்குப் பெண்டாட்டியா?" என்றேன். பெரியவன் சிரித்தான். மருமகள் வெங்காயக் கண்ணோடு சிரித்தாள். நீ வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எப்போது கூப்பிட்டாலும், "அம்மா குளிக்கிறாங்க" என்கிறாள் உன் மகள். இவ்வளவு நேரம் குளித்தால் தோல் ஊறிப்போகும்.

அறை விஷயத்தை முழுதாகச் சொல்கிறேன். நாம் இருந்த வீட்டை இடிக்கிறார்கள் என்றதும் பிள்ளைகள் சொத்துப் பிரிப்பதுபோல் நம்மைப் பிரித்துக்கொண்டார்கள், பெரியவன் என்னை, உன் மகள் உன்னை. சொத்து இல்லை, நாம்தான் இருந்தோம். "கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார்கள். கொஞ்ச நாள் முடிந்து வெகு நாள் ஆகிறது.

இங்கே கதவுக்குச் சாவித்துவாரமே கிடையாது. விரலை வைத்தால் திறக்கும். எல்லோர் விரலையும் பதிந்தார்கள், என் விரல் பதியவில்லை. அரம் பிடித்து அரம் பிடித்து ரேகை தேய்ந்துவிட்டதாம். ஊரார் பூட்டையெல்லாம் திறந்தவனை ஒரு கதவு யாரென்று கேட்கிறது. உள்ளேயிருந்து வெளியே போகலாம். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். திரும்ப வர முடியாது. ஒரு நாள் அறையைப் பார்க்கக் கீழே போய்விட்டு, அவர்கள் வேலை முடிந்து வரும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். "எதுக்குப்பா வெளிய போனீங்க?" என்று கேட்டான். எதற்கென்று சொல்வது? அதன்பிறகு போகவில்லை. துணி வாங்க நுரை மேலே வரும்போதுதான் இந்தக் கடிதமெல்லாம்.

அறை சலவைக்கடைக்குப் பின்னால். முன்பு சோப்பு மூட்டை போட்டிருந்தார். ஒரு சன்னல், ஒரு அடுப்பு மேடை, இரண்டு பேர் படுக்கலாம். பதிலுக்கு நான் கடையில் உட்கார்ந்து துணி வாங்கி வைக்க வேண்டும், ஓரமாகப் பூட்டு வேலையும் பார்த்துக்கொள்ளலாம். யார் துணி எது என்று எழுதி வைக்க வேண்டியதில்லை, எனக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். இந்த மாதம் முடியும்வரை வைத்திருப்பார். அதற்குப் பிறகு அவருடைய மச்சானுக்கு. மச்சான் இப்போதே வந்து அளவெடுத்துவிட்டுப் போனான்.

பதில் போடு. கடை விலாசத்துக்கே போடு.


மார்ச் 7

ஏங்க,

உங்கள் ஞாபகசக்திக்கு ஒரு கும்பிடு. நான் இருமினது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கும்படி பேசியது தப்பு என்று மட்டும் உங்களுக்குத் தோன்றவில்லை.

நுரை என்கிறவருக்கு: ஐயா, இதைப் படிக்கும்போது அவர் குறுக்கே பேசுவார். நிறுத்தாமல் படியுங்கள்.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? சம்பந்தி கூடத்தில் சன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கிறார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் வாயில் மிச்சம் இருப்பது ஒரே வார்த்தை. "சூப் குடிக்கிறீங்களா?" "சரி." "திரும்பிப் படுக்கிறீங்களா?" "சரி." ஒருநாள் வெறுத்துப்போய், "நான் கிளம்பிப் போயிடட்டுமா?" என்றேன். அதற்கும் "சரி" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மாப்பிள்ளை வேறு ஊரில் வேலை, வந்தால்தான் வந்தார். உங்கள் மகள் விடிந்ததும் பேக்கிங் கம்பெனிக்குப் போகிறாள், வரும்போது பேச்சு மூச்சு இருக்காது. அவர் பக்கத்தை விட்டு நான் வாசலுக்குப் போனாலும் மனசு அடித்துக்கொள்ளும். அவருக்குப் புரை ஏறிவிட்டால்? உங்களுக்குக் கதவு, எனக்குக் கட்டில்.

நீங்கள் கேலி செய்யும், போனில் இருக்கும் அந்த ஆப்பை உங்கள் மகள்தான் போட்டுக் கொடுத்தாள். டாரோ அட்டையாம். சீட்டுக்கட்டு மாதிரிதான், ஆனால் எல்லாம் தேவிகள். ஒரு கேள்வியை நினைத்துக்கொண்டு ஒன்றைத் தொட்டால் அட்டை திரும்பும். அதற்கு முன்னால், "இன்று உங்கள் மனதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கும். இந்த வீட்டில் என்னைப் பார்த்து எல்லோரும் கேட்பது, "மாத்திரை குடுத்தாச்சா?" உங்கள் மனதில் என்ன என்று கேட்பது அது ஒன்றுதான். போனாக இருந்தால் என்ன?

அந்த எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருப்பதால் என்னால் படிக்க முடிவதில்லை. சம்பந்தி தூக்கம் கலையும் என்று சத்தத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறோம். அவள் வேலைக்குக் கிளம்பும்முன் படித்துச் சொல்வாள். தினமும் அறையைப் பற்றித்தான் கேட்கிறேன். தினமும் "பொறு" என்றுதான் வருகிறது. நான் என்ன செய்ய?


மார்ச் 11

இவளே,

குறுக்கே பேசினேன். நுரை நிறுத்தாமல் படித்துவிட்டார், நீ ஜெயித்தாய்.

அந்த ஆப் இங்கேயும் இருக்கிறது. மருமகள் காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே ஓர் அட்டை எடுப்பாள். இங்கே போன் வாய்விட்டுப் படிக்கும். இதற்கு முன்பெல்லாம் காதில் வாங்காத மாதிரி இருந்தேன். உன் கடிதம் வந்த பிறகு பக்கத்தில் போய் நின்று படத்தையும் பார்க்கிறேன். பானையைக் கவிழ்க்கும் தேவி வந்தால், "கொடுத்தது திரும்பும்." முதுகில் பிள்ளையைக் கட்டியிருக்கும் தேவிக்கு, "சுமையை இறக்கி எண்ணிப் பார்." படகை அவிழ்க்கும் தேவி நேற்று வந்தாள். ஒரு கால் படியில், ஒரு கால் தண்ணீரில், கையில் கயிறு. "கட்டை அவிழ்த்துவிடு. காத்திருந்தது போதும். உன் கரை எதிரில் இருக்கிறது" என்றது போன். மருமகள், "அப்போ இன்னைக்கு லீவு கேட்டுட வேண்டியதுதான்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு இன்று காலை, "மாமா, உங்களுக்கும் ஒண்ணு எடுக்கட்டுமா?" என்றாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். அதற்குள் பெரியவன், "அப்பாவுக்கு எதுக்கு? அவருக்கு முடிவு பண்ண என்ன இருக்கு?" என்றான். அவனும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது.

இருந்தாலும் எடுத்தாள். மரத்தடியில் தூங்கும் தேவி. "ஓய்வெடு" என்றது. ஓய்வெடுத்து ஓய்வெடுத்துத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது.

நுரையின் மச்சான் மறுபடியும் வந்தான். கட்டில் எங்கே போடலாம் என்று கேட்கிறான். அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. உனக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன்.


மார்ச் 15

ஏங்க,

அவசரமாக எழுதுகிறேன், அடுப்பில் சூப் இருக்கிறது.

நீங்கள் எழுதிய அந்தப் படகுத் தேவி எனக்கும் இன்று வந்தாள். கயிறும் தண்ணீரும் கண்ணுக்கு மசமசவென்றுதான் தெரிந்தது, ஆனால் அவளேதான். "சீக்கிரம் படிடி" என்றேன். உங்கள் மகள், "கட்டு இருக்கட்டும்மா. தண்ணி இப்ப உனக்கு எதிரா ஓடுது. இப்ப கிளம்பாதேன்னு போட்டிருக்கு" என்றாள். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லும்போல.

அறைக்கு வேறு ஆள் வருவதாக இருந்தால் வரட்டும். உங்களைக் காக்க வைத்து, அந்த மனிதரையும் காக்க வைத்து, எனக்கே என்னவோபோல் இருக்கிறது.


மார்ச் 18

இவளே,

இதை எழுதலாமா என்று நுரை கேட்டார். "பெரியவரே, பொம்பளப் புள்ள விஷயம், யோசிச்சுக்குங்க" என்றார். எழுது என்றேன்.

ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லாது. மருமகளுக்கு இந்த மாதத்தில் அதே தேவிகள் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள், வார்த்தை மாறவே இல்லை. பானைக்காரிக்கு ஒரே பேச்சு, பிள்ளைக்காரிக்கு ஒரே பேச்சு. படகுக்காரி நேற்றும் வந்தாள். "கட்டை அவிழ்த்துவிடு. காத்திருந்தது போதும்." ஒரு எழுத்து கூடவில்லை, குறையவில்லை. என் காதை நீ சந்தேகப்பட்டதில்லை.

அப்படியானால் உனக்கு மட்டும் எப்படிக் கட்டு இருக்கட்டும் என்று வரும்? படித்துச் சொல்வது யார்? நீ கிளம்பினால் அந்த வீட்டில் சிக்கல் யாருக்கு? எனக்கு இதைச் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனால் நம் பெண் வார்த்தையை மாற்றிச் சொல்கிறாள். "பொறு, பொறு" என்று தினமும் சொன்னது தேவி இல்லை, அவள்.

அவளிடம் சண்டைக்குப் போகாதே. வேறு யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லிப் பார். எடுத்த அட்டையெல்லாம் போனுக்குள்ளேயே இருக்குமாம், மருமகள் சொன்னாள்.


மார்ச் 23

ஏங்க,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் சாப்பிட உட்கார்ந்தால் நான் எழுந்து போனேன். "என்னம்மா, என் மேல என்ன கோவம்?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். பெற்ற பெண்ணைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்க்க வைத்தீர்கள்.

சம்பந்திக்குக் கை கால் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். அவளிடம் போனைக் கொடுத்து, பழைய அட்டையை எடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்தாள். கட்டு இருக்கட்டும், இப்போது கிளம்பாதே. உங்கள் மகள் சொன்னது அப்படியே இருந்தது. "சரியாப் பாரும்மா, அது படகுத் தேவிதானே?" என்றேன். "அவதான்மா. ஆனா தலைகீழா வந்திருக்கா. தலைகீழா வந்தா அர்த்தமும் தலைகீழ்" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. படம் கவிழ்ந்து வரும்போதெல்லாம் நான் போனைத்தான் தப்பாகப் பிடித்திருக்கிறேன் என்று நினைத்து, திருப்பிப் பிடித்து, நேராக்கித்தான் பார்த்திருக்கிறேன். இத்தனை நாளும்! உங்களுக்கு எழுதியதும் அப்படி நேராக்கிப் பார்த்ததைத்தான். உங்கள் மருமகள் போனில் தேவிகள் கவிழ்வதே இல்லையே ஏன் என்று அந்தப் பெண்ணிடமே கேட்டேன். அட்டை தலைகீழாக வராமல் நிறுத்தி வைக்க வழி இருக்கிறதாம். நல்லது மட்டும் வரட்டும் என்று மருமகள் நிறுத்தி வைத்திருப்பாள். கெட்டிக்காரி.

ஆகவே உங்கள் மகள் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. உங்கள் காதில் தப்பில்லை, என் கையில்தான். ஆனால் அவசரப்பட்டது நீங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நுரை ஐயா, இதை மெதுவாகப் படியுங்கள். அவள் பொய் சொல்கிறாள் என்று நீங்கள் எழுதினீர்களே, அன்று கோபம் வந்தது உண்மை. அதற்கு அடியில் வேறு ஒன்றும் வந்தது. சம்பந்திக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே நான் பாட்டு முணுமுணுத்தேன். ஏன் என்று யோசித்தேன். அவள் பொய் சொல்லியிருந்தால் நான் கிளம்பலாம். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. பயிற்சிக்காரப் பெண் படித்துச் சொன்னதும், மகள் நல்லவள் என்று தெரிந்து நான் சந்தோஷப்பட வேண்டாமா? எனக்கு அந்தப் பாட்டு நின்றுபோனது. என்ன தாய் நான்.

உங்களையும் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். அறை இருக்கிறது என்கிறீர்கள். சன்னல் இருக்கிறது என்கிறீர்கள். மச்சான் அளவெடுத்தான் என்கிறீர்கள். அந்த மச்சானை எனக்கு இப்போது முகம் பார்த்த மாதிரியே தெரியும். வா என்று நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை. போனிலும் சொல்லவில்லை. ஒரு அறைக்காக நான் இந்த வீட்டை எப்படி விட்டு வருவது?


மார்ச் 26

இவளே,

மகள் விஷயத்தில் நான் அவசரப்பட்டேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்.

நேற்று என் பையை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. சாயங்காலம் பெரியவன் வந்து கடை வாசலில் நின்றான். "பாத்ரூம் வெளியில இருக்குப்பா, ராத்திரில எப்படிப் போவீங்க?" என்றான். "நடந்துதான்" என்றேன். "ஊர்ல என்ன சொல்லுவாங்க?" என்றான். "சலவைக்கு என்ன ரேட்டுன்னு கேப்பாங்க" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபத்தை முடிக்க முடியாமல் போய்விட்டான். மருமகள் ஒரு போர்வை கொடுத்துவிட்டுப் போனாள்.

மச்சானுக்கு வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான் என்கிறார் நுரை. தனி ஆளுக்குக் கடை மூலையே போதும், பெண்டாட்டி வருகிறாள் என்றால்தான் அறை, முப்பத்தோராம் தேதிக்குள். என் முகத்தை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். நுரையைக் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொன்னேன். திருப்பிக்கொண்டால் எப்படி எழுதுவது என்கிறார். சரி, கேட்டுக்கொள்ளட்டும்.

நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை. வா.


மார்ச் 29

ஏங்க,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்துவிடுவேனோ என்னவோ. இருந்தாலும் எழுதுகிறேன். நேரில் வந்தால் இதையெல்லாம் சொல்ல மாட்டேன், பாத்திரம் விளக்க ஆரம்பித்துவிடுவேன்.

இன்று காலை உங்கள் மகள் வழக்கம்போல் போனை நீட்டினாள். "அது வேண்டாம். நான் அப்பாகிட்ட போறேன். நாளைக்கே" என்றேன். எனக்கே என் குரல் வேறு யாருடையதோபோல் கேட்டது.

அவள் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "இதை ஏம்மா இவ்வளவு நாளா சொல்லல?" என்றாள்.

"தினமும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

"போனைக் கேட்ட. என்னை எங்க கேட்ட? ஒரு நாளாவது எனக்குப் போகணும்னு சொன்னியா? பொறுன்னு நான் படிக்கப் படிக்க, நீ பெருமூச்சு விட்டுட்டு சூப் வைக்கப் போயிடுவ. அம்மாவுக்கு இங்க இருக்கத்தான் பிடிச்சிருக்குன்னு நானும் நிம்மதியா வேலைக்குப் போயிட்டு வந்தேன்."

பிறகு அவளே, "பிடிச்சிருக்குன்னு நினைச்சுக்கிட்டேன்" என்று திருத்திச் சொன்னாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

அப்புறம் மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனால் அவள் பேசியது எனக்குக் கேட்டது. "உங்க அப்பா இங்க இருக்காரு. எங்க அம்மா நாளைலேருந்து இருக்க மாட்டாங்க. நீங்க வந்து நில்லுங்க, இல்ல ஆள் போடுங்க. என் வேலையை நான் விட மாட்டேன்." அந்தப் பக்கம் வெகு நேரம் சத்தம். இவள், "ம்... ம்... வாங்க, வந்து பேசுங்க" என்றாள். அவர் வருவாரா, வந்து என்ன பேசுவார், இவள் தாங்குவாளா, எதுவும் எனக்குத் தெரியாது. அது தெரியாமலேதான் கிளம்புகிறேன். வழியெல்லாம் அந்த நினைப்புதான் இருக்கும், வந்ததும் என்னைப் பேச வைக்காதீர்கள்.

சம்பந்தியிடம் போய்ச் சொன்னேன். "சரி" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தானாகத் திரும்பி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என் துணிப்பை அலமாரிக்கு மேலே இருந்தது. வந்த அன்று மாப்பிள்ளை ஏற்றி வைத்தது. எனக்கு எட்டாது. கட்டையால் தள்ளிப் பார்த்தேன், இன்னும் உள்ளே போய்விட்டது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் வாசலில் நின்று பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பையை எடுத்து, தூசியைத் தன் துணியிலேயே துடைத்து என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நாற்காலியிலிருந்து உடனே இறங்கவில்லை, பையின் ஒரு காதை விடவும் இல்லை.